வீசப்பட்ட குருதியில் கிடைத்த தகவல்: பேராசிரியர் டெனிஸ் லோவின் ஆய்வும் எமது கேள்விகளும்

கர்ப்பிணித் தாயின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதியை வைத்து வயிற்றிலுள்ள சிசுவின் மரபணு நிலையைச் சொல்லும் பரிசோதனை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. என்.ஐ.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பரிசோதனை இலங்கையிலும் தனியார் ஆய்வுகூடங்கள் ஊடாகச் செய்யப்படுகிறது. எமது குடும்பங்களிலும் வைத்திய நிபுணர்கள் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் இது என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை விளங்கியவர்கள் குறைவு. ஒரு பக்கம், "கருவறையில் உள்ளதை அல்லாஹ் மட்டும்தானே அறிவான், இதெல்லாம் கூடுமா?" என்று கேட்பவர்கள். மறுபக்கம், அறிக்கையில் வந்த ஒரு வரியை இறுதித் தீர்ப்பாக எடுத்துக் கலங்கிப் போகிறவர்கள். இரு தரப்பினரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இப்பரிசோதனைக்கு அடித்தளம் இட்டவர் ஹொங்கொங்கைச் சேர்ந்த பேராசிரியர் டெனிஸ் லோ யுக்-மிங். மூலக்கூற்று உயிரியலையும் கர்ப்பகால வைத்தியத்தையும் ஒன்றாக இணைத்த விஞ்ஞானி. 2014 ஆம் ஆண்டு வைத்தியத் துறைக்கான மன்னர் பைசல் சர்வதேச விருது இவருக்கே வழங்கப்பட்டது. 2022 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ்கர் விருதும் கிடைத்தது. அவரது ஆய்வுப் பயணத்தை அறிந்தால் பரிசோதனையின் பலமும் எல்லையும் தானாகவே விளங்கும்.

ஊசியின் காலம்

சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற நிறமூர்த்தக் குறைபாடு உள்ளதா என்று உறுதியாக அறிய, முன்னர் இருந்த வழி சிசுவின் கலங்களை நேரடியாக எடுப்பதுதான். தாயின் வயிற்றினூடாக நீண்ட ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீரை எடுப்பார்கள். இல்லையெனில் சூல்வித்தகத்திலிருந்து, அதாவது நச்சுக்கொடியிலிருந்து, ஒரு துணுக்கை எடுப்பார்கள். இதனால் கருச்சிதைவு ஏற்படும் ஆபத்து நூற்றுக்கு ஒன்று வரை இருக்கலாம் என்று அக்காலத்தில் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இன்று அந்த ஆபத்து அதைவிடக் குறைவு. ஆனாலும் முற்றாக நீங்கவில்லை. பல வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளையைச் சுமக்கும் தாய்க்கு இந்த ஊசி எவ்வளவு பெரிய சோதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1980 களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வைத்திய மாணவராக இருந்த லோவின் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. தாயின் குருதியில் சிசுவின் கலங்கள் சில கலந்திருக்குமானால், ஊசி எதற்கு? தாயின் கையிலிருந்து எடுக்கும் குருதியே போதுமே!

அப்போது பி.சி.ஆர். தொழில்நுட்பம் புதிது. கொவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே பி.சி.ஆர். தான். கண்ணுக்குத் தெரியாத சிறு அளவு டி.என்.ஏ. யைப் பல கோடி பிரதிகளாகப் பெருக்கிக் காட்டும் முறை அது. லோ அதைப் பயன்படுத்தினார். அவர் தேடியது வை நிறமூர்த்தத்தின் டி.என்.ஏ. யை. பெண்ணின் உடலில் வை நிறமூர்த்தம் இல்லை. ஆகவே கர்ப்பிணித் தாயின் குருதியில் அது தென்பட்டால், வயிற்றிலுள்ள ஆண் சிசுவிடமிருந்து அது வந்திருக்க வேண்டும். எளிமையான, ஆனால் கூர்மையான சிந்தனை. 1989 இல் லான்செட் சஞ்சிகையில் அவரது ஆய்வு வெளிவந்தது.

எட்டு வருடத் தேடல்

ஆனால் அந்த வழி அவரை இலக்குக்குக் கொண்டு சேர்க்கவில்லை. ஒரு மில்லிலீட்டர் குருதியில் ஏறத்தாழ 500 கோடி செங்குழியங்கள் உள்ளன. அதற்குள் சிசுவின் கலம் ஒன்றோ இரண்டோ இருந்தாலே பெரிது. அவற்றைப் பிரித்தெடுக்கப் பல வழிகளில் முயன்றார். உலகின் வேறு பல ஆய்வுகூடங்களும் முயன்றன. நம்பகமான பரிசோதனையாக அது உருவாகவில்லை. கலாநிதிப் பட்டம் கிடைத்தது. எதிர்பார்த்த பரிசோதனை கிடைக்கவில்லை. ஏறத்தாழ எட்டு வருடங்கள் இப்படியே கழிந்தன.

1997 இன் தொடக்கத்தில் அவர் ஹொங்கொங் திரும்பினார். அந்த வருடம் ஜூலையில் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்படவிருந்தது. எதிர்காலம் என்னவாகுமோ என்ற அச்சத்தில் பலர் வெளியேறிக் கொண்டிருந்த காலத்தில், அவர் ஊருக்குத் திரும்பி ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார்.

அதற்குச் சற்று முன்னர், 1996 செப்டெம்பரில், நேச்சர் மெடிசின் சஞ்சிகையில் வெளியான இரண்டு ஆய்வுகள் அவரது கவனத்தை ஈர்த்திருந்தன. புற்றுநோயாளரின் குருதியில், கலங்களுக்கு வெளியே, பிளாஸ்மாவில் கட்டியின் டி.என்.ஏ. மிதப்பதாக அவை காட்டின. லோ யோசித்தார். உடலுக்குள் வளரும் ஒரு கட்டி தன் டி.என்.ஏ. யைக் குருதியில் விடுமானால், அதைவிடப் பெரிதாக வளரும் சிசு ஏன் விடக்கூடாது?

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். குருதியைச் சுழற்றிப் பிரித்தால் கலங்கள் அடியில் படியும். மேலே மஞ்சள் நிறத் திரவமாக நிற்பதே பிளாஸ்மா. சிசுவின் கலங்களைத் தேடிய ஆய்வாளர்கள் அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு மேலே இருப்பதை வீசிவிடுவார்கள். எட்டு வருடம் தேடிய பொருள், வீசப்பட்ட அந்தத் திரவத்தில் இருக்கலாம் என்பதே புதிய எண்ணம்.

பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ. யை எப்படி எடுப்பது? ஒக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது உடனடி நூடுல்ஸ் அவித்துச் சாப்பிட்ட நினைவு அவருக்கு வந்ததாம். பிளாஸ்மாவையும் ஐந்து நிமிடம் சூடாக்கிப் பார்த்தார். அந்தச் சாற்றின் சில துளிகளைப் பி.சி.ஆர். இல் இட்டார். முடிவு 1997 இல் லான்செட்டில் வெளிவந்தது. 43 கர்ப்பிணிகளில் 30 பேர் ஆண் சிசுவைச் சுமந்திருந்தனர். அந்த 30 பேரில் 24 பேரின் பிளாஸ்மாவில் வை டி.என்.ஏ. தென்பட்டது. பெண் சிசுவைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் அது இல்லை. அதே 30 பேரின் குருதிக் கலங்களில் தேடியபோது 5 பேரிடம் மாத்திரமே கிடைத்தது.

மறு வருடம் அவரது குழு அளவையும் கணித்தது. 1999 இல் இன்னொரு முக்கிய விடயம் தெரியவந்தது. பிரசவம் முடிந்ததும் சிசுவின் டி.என்.ஏ. தாயின் குருதியிலிருந்து மிக வேகமாக மறைகிறது. சராசரியாக 16 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. முன்னைய பிள்ளையின் கலங்கள் தாயின் உடலில் பல வருடங்கள் தங்கலாம். பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ. அப்படியல்ல, இன்று எடுக்கும் குருதி இன்று வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பற்றியே பேசும்.

எண்ணிப் பார்த்துக் கண்டறிதல்

ஆண் சிசுவின் வை நிறமூர்த்தம் தாயிடம் இல்லாததால் கண்டறிவது எளிது. டவுன் சிண்ட்ரோம் அப்படியல்ல. அதற்குக் காரணமான 21 ஆம் நிறமூர்த்தம் தாயிடமும் உள்ளது. சாதாரணமாக எல்லோரிடமும் அது இரண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுவிடம் மூன்று. தாயின் டி.என்.ஏ. யும் சிசுவின் டி.என்.ஏ. யும் ஒன்றாகக் கலந்து மிதக்கும்போது, அந்த மேலதிக ஒன்றை எப்படிக் காண்பது?

எண்ணிப் பார்ப்பதே வழி. ஓர் உதாரணம் சொல்கிறேன். தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளில் நூற்றுக்குப் பத்து சிசுவுடையது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கர்ப்பத்தில் ஒரு இலட்சம் துண்டுகளை எண்ணினால் அவற்றில் ஏறத்தாழ 1,300 துண்டுகள் 21 ஆம் நிறமூர்த்தத்துக்குரியவை. சிசுவிடம் அது மூன்றாக இருந்தால் அந்த எண்ணிக்கை 1,365 அளவுக்கு உயரும். வித்தியாசம் 65 தான். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலானதல்ல என்று சொல்ல, இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் துண்டுகளை எண்ண வேண்டும். அதற்கான இயந்திரங்கள் வந்த பின்னர், 2008 இல் லோவின் குழுவும், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குவேக்கின் குழுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதைச் செய்து காட்டின. 2011 இல் 753 கர்ப்பிணிகளை உள்ளடக்கிய லோ குழுவினரின் பெரிய ஆய்வு வெளிவந்தது. அதே வருடம் பரிசோதனை சந்தைக்கும் வந்தது.

1997 இல் தொடங்கி 2011 வரை 14 வருடங்கள். அதற்கு முன் எட்டு வருடங்கள். ஒரு கேள்விக்காக ஒருவர் செலவிட்ட காலம் இது. அறிவைத் தேடுவதைக் கடமையாகக் கொண்ட சமூகம் என்று பெருமைப்படும் நாம், எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுவென்று நினைக்கிறேன். வைத்தியராவதோடு படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணும் எமது வீடுகளில், ஆய்வாளராவதும் ஒரு பாதை என்பதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

எமக்கு நெருக்கமான இரு பயன்கள்

இந்தக் கண்டுபிடிப்பு டவுன் சிண்ட்ரோமுடன் நிற்கவில்லை. முதலாவது, ஆர்.எச். நெகடிவ் தாய்மார். தாய் நெகடிவாகவும் பிள்ளை பொசிடிவாகவும் இருந்தால், தாயின் உடல் பிள்ளையின் செங்குழியங்களுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கலாம். அது பெரும்பாலும் அடுத்த பிள்ளையையே பாதிக்கும். அதைத் தடுக்கவே அன்டி-டி ஊசி போடப்படுகிறது. சிசுவின் ஆர்.எச். வகையைத் தாயின் பிளாஸ்மாவிலிருந்தே அறியலாம் என்று 1998 இல் லோவின் குழு காட்டியது. டென்மார்க், நெதர்லாந்து போன்ற நாடுகள் இதைத் தேசிய மட்டத்தில் நடைமுறைப்படுத்தி, தேவையான தாய்மாருக்கு மாத்திரம் கர்ப்பகால ஊசியைப் போடுகின்றன.

இரண்டாவது, தலசீமியா. தென் சீனாவில் இந்நோய் பரவலாக உள்ளது. எமது நாட்டிலும் குருநாகலில் இதற்கென நிலையம் இயங்கும் அளவுக்கு உள்ளது. தாயும் தந்தையும் இருவரும் இதன் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2010 இல், பீட்டா தலசீமியா ஆபத்துள்ள ஒரு தம்பதியினரை வைத்து, தாயின் பிளாஸ்மாவிலிருந்து சிசுவின் முழு மரபணு வரைபடத்தையே லோ குழுவினர் வரைந்து காட்டினர். இதற்கான வழி, ஹரி பொட்டர் திரைப்படமொன்றை முப்பரிமாணத்தில் பார்த்தபோது திரையில் வந்த 'எச்' எழுத்தின் இரு கோடுகள் ஒரு சோடி நிறமூர்த்தம் போலத் தோன்றியதிலிருந்து தனக்குப் பிறந்ததாக லோ சொல்லியிருக்கிறார்.

ஆனால் தலசீமியா விடயத்தில் நாம் ஹொங்கொங் வரை போகத் தேவையில்லை. திருமணத்துக்கு முன் செய்யும் சாதாரண முழுக் குருதிப் பரிசோதனையும், தேவைப்பட்டால் அதைத் தொடர்ந்த ஹீமோகுளோபின் பரிசோதனையும் ஒருவர் காவியா என்று சொல்லிவிடும். சொந்தத்துக்குள் திருமணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மஹர், மண்டபம், விருந்து என்று மாதக்கணக்கில் பேசும் நாம், இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு நாள் பேசுவதில்லை.

"அல்லாஹ் மட்டுமே அறிவான்" என்ற கேள்வி

ஸூரா லுக்மானின் இறுதி வசனத்தை வைத்து இக்கேள்வி கேட்கப்படுகிறது. ஸ்கேன் வந்த காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. உலமாக்கள் அப்போதே தந்த விளக்கம் இதற்கும் பொருந்தும். அல்லாஹ்வின் அறிவு எந்தக் கருவியும் இல்லாதது, முழுமையானது. கரு உருவாகும் முன்னரே அதன் ரிஸ்கையும் ஆயுளையும் முடிவையும் அவன் அறிவான். மனிதன் அறிவது, அல்லாஹ் படைத்து முடித்த ஒன்றின் சில அடையாளங்களை, கருவியின் துணையோடு, அதுவும் தவறு நேரக்கூடிய விதத்தில்.

லோவின் ஆய்வே இதற்குச் சான்று. சிசுவின் டி.என்.ஏ. என்று நாம் சொல்வது உண்மையில் பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து வருவது. சில வேளைகளில் நச்சுக்கொடியில் குறைபாடு இருக்கும். பிள்ளையோ முற்றிலும் ஆரோக்கியமாக இருக்கும். இயந்திரம் கண்டது நச்சுக்கொடியை, பிள்ளையை அல்ல.

அறிக்கை தீர்ப்பல்ல

இதுவே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். "99 வீதம் சரியானது" என்று விளம்பரத்தில் வாசித்துவிட்டு, ஆபத்து அதிகம் என்று அறிக்கை வந்தால் 99 வீதம் பிள்ளைக்கு நோய் என்று எண்ணிவிடுகிறோம். கணக்கு அப்படியல்ல.

25 வயதுத் தாய்மார் 10,000 பேரை எடுப்போம். அந்த வயதில் டவுன் சிண்ட்ரோம் ஏறத்தாழ 1,250 பேருக்கு ஒன்று. ஆகவே உண்மையில் பாதிக்கப்பட்டவை 8. பரிசோதனை ஆயிரத்துக்கு ஒருமுறை தவறாக எச்சரிக்கிறது என்று வைத்தால், ஆரோக்கியமான பிள்ளைகளைச் சுமக்கும் 10 தாய்மாருக்கும் எச்சரிக்கை வரும். மொத்தம் 18 எச்சரிக்கைகள். அவற்றில் 10 பொய். பாதிக்கும் மேற்பட்டவை தவறானவை! இதே கணக்கை 40 வயதுத் தாய்மாருக்குப் போட்டால், ஏறத்தாழ 100 உண்மை, 10 பொய். பரிசோதனை ஒன்றே, தாயின் வயது மாறும்போது அறிக்கையின் பொருளும் மாறுகிறது.

இதனால்தான் வைத்தியர்கள் இதை வடிகட்டும் பரிசோதனை என்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்ற ஒன்றால் உறுதிப்படுத்திய பின்னரே எதையும் சொல்ல முடியும். அந்த அறிக்கையை மட்டும் வைத்து எவரும் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

காலக் கணக்கும் மார்க்கமும் சட்டமும்

கருவுக்கு 120 நாளில் ரூஹ் ஊதப்படுவது பற்றி நாம் அறிவோம். மக்காவிலுள்ள ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் கவுன்சில் 1990 ஆம் ஆண்டு தனது 12 ஆவது அமர்வில் இது பற்றி ஒரு முடிவெடுத்தது. சிசுவுக்குச் சிகிச்சையளிக்க முடியாத கடுமையான குறைபாடு இருப்பதை நம்பகமான நிபுணத்துவ வைத்தியர் குழு உறுதிப்படுத்தினால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், 120 நாட்களுக்கு முன் கருவைக் கலைக்க அனுமதிக்கலாம். அதன் பின்னர் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி அனுமதியில்லை என்பதே அதன் சாரம். டவுன் சிண்ட்ரோம் அந்த வரையறைக்குள் வருமா என்பது வேறு கேள்வி. தொழுது, சிரித்து, வீட்டுக்கே பரகத்தாக வாழும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை அறிந்தவன் என்ற வகையில், அதை இலேசாக அந்தப் பட்டியலில் சேர்ப்பதை என் மனம் ஏற்கவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள்.

வைத்தியர் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து தொடங்குகிறது. கருத்தரித்த நாளிலிருந்து அல்ல. ஆகவே மார்க்கத்தின் 120 நாள் என்பது வைத்தியரின் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். என்.ஐ.பி.டி. பரிசோதனையை 10 வாரத்திலேயே செய்யலாம். பனிக்குட நீரோ 15 வாரத்துக்குப் பின்னரே எடுக்கப்படுகிறது. அதன் பெறுபேறு வரவும் நாட்கள் தேவை. இந்த வேறுபாடு தெரியாமல் பத்வா கேட்பவரும் சொல்பவரும் தடுமாறக் கூடாது.

எமது நாட்டுச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு குற்றமாகும். கடுமையான குறைபாடுள்ள கருக்களுக்கு விலக்களிக்கும் யோசனை 2017 இல் முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. அப்படியானால் இங்கே இந்தப் பரிசோதனையால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயக் குறைபாடு இருக்கிறது. முன்கூட்டியே அறிந்தால் பிரசவத்தை வசதியுள்ள வைத்தியசாலையில் திட்டமிடலாம். பிறந்த உடனே பரிசோதிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம். அதிர்ச்சியோடு பிள்ளையை வரவேற்பதற்கும் துஆவோடு வரவேற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதே பரிசோதனை ஆணா பெண்ணா என்பதையும் 10 வாரத்தில் சொல்லிவிடும். லோவின் ஆய்வு தொடங்கியதே அதில்தான். பெண் சிசுக்கள் அழிக்கப்படுவதால் இந்தியா 1994 இலேயே பாலினம் அறிவிப்பதைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டி வந்தது. பெண் பிள்ளைகளை உயிரோடு புதைத்த ஜாஹிலிய்யத்தை அல்குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை அறிந்த சமூகம், புதிய கருவி கொண்டு பழைய பாவத்துக்குத் திரும்பிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

பள்ளிவாசல் நிர்வாகங்கள் திருமணத்துக்கு முன்னரான ஆலோசனை வகுப்புகளில் தலசீமியாப் பரிசோதனையைச் சேர்க்கலாம். உலமாக்களும் மகப்பேற்று வைத்திய நிபுணர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எமது தாய்மார் கேட்கும் கேள்விகளுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு தயாரிக்கலாம். கணவன்மார் அறிக்கையை வாங்கும் நாளில் மனைவியைத் தனியே அனுப்பாமல் கூடச் செல்லலாம். குறைபாடுள்ள பிள்ளை பிறந்தால் தாயைக் குற்றவாளியாகப் பார்க்கும் மாமிமாரும் மச்சிமாரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நிறமூர்த்தம் பிரிவதில் ஏற்படும் தவறு யாருடைய குற்றமும் அல்ல.

சிசு தன் இருப்பை ஆரம்ப வாரங்களிலிருந்தே தாயின் குருதியில் அறிவித்துக்கொண்டிருந்தது. அதைப் படிக்க மனிதனுக்கு 1997 வரை காலமெடுத்தது. படித்த பின்னர் என்ன செய்கிறோம் என்பதற்கு நாம் ஒவ்வொருவரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள். எமது சந்ததிகளை ஸாலிஹானவர்களாகவும் கண்குளிர்ச்சியாகவும் ஆக்கி வைக்க அவனையே வேண்டுவோம்.